போகாத ஆர்டரும் இருமுறை வந்த ஆர்டரும்: மும்பை மளிகை மொத்தக் கடை ஒன்றில் ஜி.பி.ஆர்.எஸ். வழி ஆர்டர் பதிவு, 2004–2005

பின்னணி

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக மும்பையில் வணிகம் செய்யும் குடும்பம் ஒன்று மளிகை மொத்தக் கடை நடத்திவந்தது. இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய், அப்பளம் ஆகியவையே முக்கியச் சரக்கு. விடியுமுன் தாராவியில் இட்லி அவித்து நகரமெங்கும் சுமந்துபோய் விற்பவர்கள், மாட்டுங்கா, சயான் பகுதி மெஸ்கள், கோலிவாடா, செம்பூர், சீட்டா கேம்ப், முலுண்டு வரை பரவிய சிறு கடைகள் என வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். லைனுக்குப் போகும் விற்பனையாளர்கள் 11 பேர். பகலெல்லாம் கடைகடையாக ஏறி இறங்கி நோட்டில் ஆர்டர் எழுதி, மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்குத் திரும்புவார்கள். அதன்பிறகு கணக்குப்பிள்ளை பில் போட உட்கார்ந்தால் இரவு பதினொன்றாகிவிடும். அதிகாலை நான்கு மணிக்கு டெம்போவில் சரக்கு ஏற வேண்டும்.

ஆர்டர்கள் எடுத்த இடத்திலிருந்தே வந்து சேர்ந்தால், மாலைக்குள் பில்லும் முடியும், கிடங்கில் மூட்டைகளைப் பிரித்து வைக்கும் வேலையும் முடியும் என்பதே முதலாளியின் எண்ணம். 2004 நவம்பரில் அவர் எங்களை அழைத்தார். மாட்டுங்காவில் ஒரு சிறு அறையில் மென்பொருள் வேலை செய்துகொண்டிருந்த நாங்கள் மூவர். இருவர் கைபேசிக்கான ப்ரோகிராமையும் ஒருவர் சர்வரையும் எடுத்துக்கொண்டோம். நான் கைபேசிப் பக்கம் இருந்தேன்.

அந்நாளில் இந்தியாவில் 3ஜி கிடையாது. அது டெல்லியில் எம்.டி.என்.எல். வழியாக 2008 டிசம்பரில்தான் வந்தது. வேறொரு கைபேசித் தொழில்நுட்பமான சி.டி.எம்.ஏ. சேவைக்கு மாறலாமா என்றும் பேசினோம். ஆனால் எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது 2011 ஜனவரியில். விற்பனையாளர்களின் எண்கள் நூற்றுக்கணக்கான கடைக்காரர்களிடம் இருந்ததால், இருக்கும் ஜி.எஸ்.எம். எண்களை விட்டு நகர வழியில்லை. ஆகவே ஜி.எஸ்.எம். கைபேசியிலேயே இணையத் தகவலை அனுப்பும் முறையான ஜி.பி.ஆர்.எஸ். ஒன்றே மிச்சமிருந்தது.

முதல் வடிவம்

ஜாவா ப்ரோகிராம் ஓடக்கூடிய, விலை குறைந்த வண்ணத்திரைக் கைபேசிகளை முதலாளி வாங்கித் தந்தார். திரை 128-க்கு 128 புள்ளி. ப்ரோகிராமின் மொத்தக் கோப்பு 64 கிலோபைட்டுக்கு மேல் இருந்தால் கைபேசி அதை ஏற்றுக்கொள்ளாது. தமிழ் எழுத்துரு இல்லை. சரக்கின் பெயர்களை எப்படிக் காட்டுவது என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, கடையின் ரேட் ஷீட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்கெனவே மூன்றிலக்க எண் இருப்பதையும், விற்பனையாளர்கள் அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருப்பதையும் கணக்குப்பிள்ளை எடுத்துச் சொன்னார். எண், அளவு என்று இரண்டே கட்டங்கள் போதுமானவையாயின. இந்த வேலையில் நாங்கள் செய்தவற்றுள் தொடக்கத்திலேயே சரியாக அமைந்தது இது ஒன்றுதான் என்று இன்றும் எண்ணுகிறேன்.

கைபேசி ஜாவாவின் எம்.ஐ.டி.பி. 1.0 தரத்தில் எழுதப்படும் ப்ரோகிராம்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் தொடர்புவழி, இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறையான எச்.டி.டி.பி. மட்டுமே. கடை எண், சரக்கு எண்கள், அளவுகள் ஆகிய எல்லாவற்றையும் இணைய முகவரியின் வாலில் கோத்து 'கெட்' கோரிக்கையாக அனுப்பினோம். சர்வரிலிருந்து 200 என்ற வெற்றிக் குறியீடு வந்தால் திரையில் ஓ.கே. என்று காட்டினோம், வராவிட்டால் மறுபடி அனுப்பச் சொன்னோம். மாட்டுங்கா அறையின் சன்னலோரம் அமர்ந்து, முற்பகல் பதினொரு மணியளவில், சில நாட்கள் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்தது. சாலையிலும் ரயிலிலும் மாலை நெரிசலிலும் பயன்படப்போகும் ஒன்றை, அசையாத ஒரு நாற்காலியிலிருந்து சோதித்தோம் என்பது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

முதல் மூன்று வாரங்களில் கண்டவை

2005 ஜனவரி நடுவில் 11 பேரும் கைபேசியில் ஆர்டர் அனுப்பத் தொடங்கினார்கள். முதல் வாரம் பெரும் மகிழ்ச்சி. கணக்குப்பிள்ளை ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் வாரம் சயானில் ஒரு மெஸ்ஸுக்கு இரண்டு மூட்டை இட்லி அரிசிக்குப் பதிலாக நான்கு மூட்டை போய் இறங்கியது. மெஸ்காரர் இரண்டைத் திருப்பி அனுப்பினார். அடுத்தடுத்த நாட்களில் செம்பூரிலும் சீட்டா கேம்பிலும் இதே கதை. அதே வாரத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. தாராவியிலேயே இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவுக்கு உளுந்து போகவில்லை. உளுந்து இல்லாவிட்டால் அன்று மாவு இல்லை. மாவு இல்லாவிட்டால் மறுநாள் வருமானமே இல்லை. அவர் கடை வாசலில் வந்து நின்று கேட்டபோது, ஆர்டர் எடுத்தவரிடம் நோட்டில் எழுத்து இருந்தது, கைபேசியில் ஓ.கே. வந்த நினைவும் இருந்தது. சர்வரில் மட்டும் எதுவும் இல்லை.

விற்பனையாளர்களுக்குப் பில் தொகையின் மேல் கமிஷன் உண்டு. ஆகவே இரட்டை ஆர்டர்கள் கமிஷனுக்காகக் கூட்டிக் காட்டப்பட்டவை என்ற சந்தேகம் எளிதாக எழுந்தது. சீட்டா கேம்ப் லைனுக்குப் போகும் விற்பனையாளரின் பெயரில் இரட்டைகள் அதிகம் இருந்தன. கணினி எடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை அவருடைய ஜனவரிக் கமிஷனில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார். "நான் ஒரு தடவதான் அமுக்குனேன், அண்ணாச்சி. மெசின் ரெண்டுன்னு சொன்னா நான் என்ன செய்ய?" என்று அவர் கேட்டது எங்கள் முன்னிலையில்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். எங்களிடம் பதில் இல்லை.

ஆராய்ந்த முறை

முதலில் சர்வரின் பதிவேட்டை எடுத்தோம். இரட்டை ஆர்டர்களின் நேர இடைவெளியைப் பார்த்தபோது அவை இரண்டு வகையாகப் பிரிந்தன. ஒரு வகையில் இடைவெளி நாற்பது விநாடி முதல் இரண்டு நிமிடம் வரை. இது மனிதர் மறுபடி அனுப்பியதாக இருக்கலாம். இன்னொரு வகையில் இடைவெளி இரண்டு மூன்று விநாடிதான். எங்கள் ப்ரோகிராமில் ஓர் ஆர்டரை மறுபடி அனுப்ப மூன்று பொத்தான்களை அமுக்கி, இணையத்தோடு இணையலாமா என்று கைபேசி கேட்கும் கேள்விக்கும் சம்மதம் சொல்ல வேண்டும். எவ்வளவு பழகிய விரலுக்கும் இரண்டு விநாடியில் அது ஆகாது. மனிதரைச் சந்தேகித்தது தவறு என்பதற்கு முதல் சான்று இங்கே கிடைத்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் சீட்டா கேம்ப் விற்பனையாளருடன் ஒரு நாள் முழுவதும் நானும் லைனுக்குப் போனேன். ஆர்டரைக் கடைக்குள் நின்றே பதிந்துவிட்டு, அனுப்பும் பொத்தானை நடந்துகொண்டே அமுக்குவது அவருடைய வழக்கம். மான்குர்டில் ரயில் ஏறிய பிறகும் அமுக்குவார். காலம் பொன்னாக இருக்கும் வேலையில் அது இயல்பு. மாலை ஐந்தரை மணி சுமாருக்கு ஒரு கடை வாசலில் அவர் பொத்தானை அமுக்கியதும், திரையின் மூலையில் ஜி.பி.ஆர்.எஸ். அடையாளம் எரிந்தது. நான்கைந்து விநாடி ஆகியிருக்கும். வேறொரு கடைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் எடுத்து, புளி எப்போது வரும் என்பதற்கு விளக்கம் சொல்லி, ஒன்றரை நிமிடம் பேசி வைத்தார். திரும்பிப் பார்த்தால் திரையில் பிழைச் செய்தி. வழக்கம்போல் மறுபடி அனுப்பினார். நான் உடனே மாட்டுங்காவுக்குத் தொலைபேசினேன். சர்வர் முன் இருந்த நண்பர், முதல் ஆர்டர் அழைப்பு வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்றார். போனது ஆர்டர், திரும்பி வராதது பதில்.

காணாமற்போகும் ஆர்டர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அவை எல்லாம் அந்தந்தக் கைபேசியின் அன்றைய முதல் ஆர்டர்கள் என்பதை நோட்டுகளோடு ஒப்பிட்டு அறிந்தோம். ஓ.கே. என்று காட்டுவதற்குப் பதிலாக, வந்த பதிலின் முதல் சில எழுத்துகளை அப்படியே திரையில் காட்டும் சோதனை வடிவம் ஒன்றை எழுதி, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியை இயக்கி ஓர் ஆர்டர் அனுப்பினேன். திரையில் வந்தது எங்கள் சர்வரின் பதில் அன்று. கைபேசிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும், கைபேசி நிறுவனத்தின் வாப் கேட்வே, அன்றைய முதல் கோரிக்கையைத் தானே பிடித்து நிறுத்தி, தன் வரவேற்புப் பக்கத்தை அனுப்பியிருந்தது. அந்தப் பக்கமும் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் வந்தது. எங்கள் ப்ரோகிராம் குறியீட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்து ஓ.கே. என்றது.

வலைப்பின்னலின் இயல்பு

இவை ஏன் நிகழ்ந்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் 'நெட் ஸ்லோ' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடும் பழக்கம் எங்களிடமும் இருந்தது.

ஜி.எஸ்.எம். முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைவரிசையும் 8 காலத் துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. சாதாரணமாக ஒரு பேச்சுக்கு ஒரு துண்டு. பேச்சுக்குத் தேவைப்படாத துண்டுகளில் தகவல் பொட்டலங்களை ஏற்றி அனுப்புவதே ஜி.பி.ஆர்.எஸ். ஒரு துண்டில் கிடைக்கும் வேகம் குறியீட்டு முறையைப் பொறுத்தது: சிக்னல் மோசமாக இருக்கையில் பிழைதிருத்தப் பாதுகாப்பு மிகுந்த சி.எஸ்.-1 முறையில் விநாடிக்கு 9.05 கிலோபிட், அதற்கடுத்த சி.எஸ்.-2 முறையில் 13.4 கிலோபிட். எங்கள் ஓர் ஆர்டர் 200 பைட்டுக்கு மேல் போகாது. கைபேசி தானே சேர்க்கும் எச்.டி.டி.பி. தலைப்புகள் அதைவிடப் பெரியவை. எல்லாம் சேர்ந்தும் ஒரு விநாடிக்குள் அடங்கும் சரக்குதான். ஆயினும் பதில் வரப் பத்து விநாடி ஆனது.

காரணம், போக்குவரத்துச் சுற்றுகளின் எண்ணிக்கை. கைபேசி எதையாவது அனுப்ப நினைக்கும்போதெல்லாம் முதலில் டவரிடம் வழி கேட்க வேண்டும். டவர் துண்டு ஒதுக்க வேண்டும். அனுப்பி முடிந்ததும் அந்த ஒதுக்கீடு கலைந்துவிடும். அடுத்த பொட்டலத்துக்கு மறுபடி கேட்க வேண்டும். ஆகவே ஒரு பொட்டலம் போய் அதற்கு மறுமொழி திரும்ப அரை விநாடிக்கு மேல், பல வேளைகளில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். வலைப்பின்னலோடு இணைப்பை நிறுவுவது, பொட்டலங்கள் ஒழுங்காகச் சேர்வதைக் கவனிக்கும் டி.சி.பி. தொடர்பைத் திறப்பது, கோரிக்கை, பதில் என்று ஒவ்வொன்றும் இப்படி ஒரு சுற்று. மாலையில் பேச்சு மிகும்போது, பேச்சுக்கே முன்னுரிமை என்பதால் தகவலுக்குக் கிடைக்கும் துண்டுகள் சுருங்கிவிடும். திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் டவரின் அலை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. தகவலுக்குத் துண்டு மிச்சமிருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. "டவர் முழுசா இருக்கு, ஆனா போகமாட்டேங்குது" என்று விற்பனையாளர்கள் சொன்னது துல்லியமான கூற்று.

ரயிலில் நிலைமை இன்னும் கடினம். ஜி.பி.ஆர்.எஸ். தொடர்பில் இருக்கும் கைபேசி ஒரு டவரின் எல்லையைவிட்டு அடுத்ததற்குள் நுழையும்போது, பேச்சைப்போல் தடையின்றிக் கைமாற்றப்படுவதில்லை. கைபேசியே புதிய டவரைத் தேர்ந்து, நடுவில் நின்றுபோன பரிமாற்றத்தை அங்கே மறுபடி தொடங்குகிறது. இடையே சில விநாடிகள் மௌனம். ஹார்பர் லைனில் செம்பூருக்கும் குர்லாவுக்கும் இடையே ஓர் ஆர்டர் அனுப்பினால், அது பாதி வழியில் நிற்பதற்கான வாய்ப்பே அதிகம்.

அழைப்பு வந்தபோது நடந்தது வேறு. எங்கள் கைபேசிகள் 'பி' வகுப்பைச் சேர்ந்தவை. இவ்வகைக் கைபேசி பேச்சுக்கும் தகவலுக்கும் ஒருசேரப் பதிவு செய்துகொண்டாலும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நடத்தும். பேச்சு வந்தால் தகவல் நிறுத்தி வைக்கப்படும். 2003-இலிருந்து உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால், விற்பனையாளரின் கைபேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருப்பது என்று ப்ரோகிராம் தீர்மானிக்கவும் எம்.ஐ.டி.பி. 1.0 இடம் தரவில்லை. அது உறைந்து நிற்கும்போது பொறுமை இழந்தவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார், சில வேளை பேட்டரியையே கழற்றிப் போடுவார்.

இரண்டு விநாடி இரட்டைகளுக்கு டி.சி.பி.-யே காரணம் என்று எங்களில் ஒருவர் தொடக்கத்தில் வாதிட்டார். மறுமொழி வரத் தாமதமானால் டி.சி.பி. பொட்டலத்தை மறுபடி அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் டி.சி.பி. தான் அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் வைத்திருக்கிறது. இரண்டாம் முறை வந்ததைப் பெறுபவர் பக்கமே அடையாளம் கண்டு தள்ளிவிடும். அந்த இரட்டை சர்வர் ப்ரோகிராமை எட்டாது. எங்களை எட்டியது கேட்வே புதிதாகத் திறந்த இன்னொரு தொடர்பு. 'கெட்' என்பது படிப்பதற்கான கோரிக்கை. அதை எத்தனை முறை அனுப்பினாலும் எதுவும் மாறாது என்பதே எச்.டி.டி.பி.-யின் விதி. அதன்படி, பதில் தாமதமானபோது கேட்வே மறுபடி கேட்டது அதன் உரிமை. பொருளை வாங்கும் ஆர்டரைப் படிக்கும் கோரிக்கையாக அனுப்பியது எங்கள் பிழை.

இந்த வாதத்திலேயே விடையும் இருந்தது. டி.சி.பி. பைட்டுகளை எண்ணுகிறது. யாரும் ஆர்டர்களை எண்ணவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒவ்வோர் ஆர்டருக்கும் கைபேசியே எண் இடும் என்று முடிவு செய்தோம்: விற்பனையாளர் எண்ணும் ஓடும் வரிசை எண்ணும் சேர்ந்தது. அனுப்புவதற்கு முன்பே ஆர்டர் அந்த எண்ணோடு கைபேசியின் நினைவகத்தில் எழுதப்படும். சர்வர் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் புது ஆர்டர் போடாது. முன்பு சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும். அதன்பின் ஒருவர் பத்து முறை அமுக்கினாலும், கேட்வே பத்து முறை கேட்டாலும், ஆர்டர் ஒன்றுதான். தேதியையும் எண்ணில் சேர்க்கலாமா என்று யோசித்துக் கைவிட்டோம். பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கைபேசிகளின் கடிகாரம் தொடக்கத்துக்குப் போய்விடும்.

'கெட்' போய், தகவலைக் கொடுப்பதற்கான 'போஸ்ட்' கோரிக்கை வந்தது. 200 என்ற குறியீட்டை நம்புவதை விட்டோம். பதிலில் அந்த ஆர்டரின் எண் அப்படியே திரும்ப வந்தால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கொள்வோம். காலையில் ப்ரோகிராமைத் திறந்தவுடன் சரக்கு எதுவும் இல்லாத ஒரு சிறு வணக்கச் செய்தி போகும்; வரவேற்புப் பக்கம் வந்தால் அதை அந்தச் செய்தி வாங்கிக்கொள்ளும்.

எஸ்.எம்.எஸ். வழியே அனுப்பும் யோசனையையும் பரிசீலித்தோம். அது நெரிசலிலும் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆனால் எங்கள் கைபேசிகளில் ஜாவா ப்ரோகிராம் தானே எஸ்.எம்.எஸ். அனுப்ப வசதியில்லை. விற்பனையாளரே 160 எழுத்துக்குள் எண்களைத் தட்டினால் பிழை பெருகும் என்று அஞ்சினோம். அதற்குப் பதிலாக, மாலை ஆறரை மணிக்கு மேலும் போகாமல் இருக்கும் ஆர்டர்களை விற்பனையாளர் தொலைபேசியில் கணக்குப்பிள்ளையிடம் படித்துச் சொல்வது என்று ஏற்பாடு செய்தோம். கணக்குப்பிள்ளையும் அதே எண்ணைத்தான் சர்வரில் பதிவார். பின்னால் கைபேசியிலிருந்து அது வந்தாலும் இரட்டை ஆகாது.

திரையில் ஓ.கே. என்பதை எடுத்துவிட்டு, 'காத்திருக்கிறது', 'போயிற்று' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைச் சிறு படங்களாக வரைந்து சேர்த்தோம். ஒவ்வொன்றும் சில நூறு பைட்தான். 64 கிலோபைட்டில் அதற்கு இடம் இருந்தது, முதலிலேயே இருந்திருக்கும்.

பின்விளைவு

மார்ச் முதல் வாரத்தில் புதிய வடிவம் எல்லாக் கைபேசிகளிலும் ஏறியது. அதற்கு முன்பே, பதிவேட்டின் இரண்டு விநாடி இடைவெளிகளை முதலாளியிடம் காட்டி விளக்கினோம். அவர் கணக்குப்பிள்ளையை அழைத்து, பிடித்த கமிஷனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்ததோடு நில்லாமல், கணக்குப்பிள்ளை அந்த விற்பனையாளரை அழைத்து எல்லோர் முன்னிலையிலும், "தப்பு எங்க மேல தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

இரட்டைகள் நின்றன. மே மாதம் வரை எந்தப் புகாரும் இல்லை. மே மாதத்தில் அதே சீட்டா கேம்ப் விற்பனையாளரின் கைபேசி தண்ணீரில் விழுந்து கெட்டது. புதுக் கைபேசியில் ப்ரோகிராமை ஏற்றிக் கொடுத்தோம். மறுநாள் அவர் அனுப்பிய ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் 'போயிற்று' என்று வந்தது. ஒன்றுகூடப் பில் ஆகவில்லை. பிப்ரவரியில் நடந்ததற்குப் பிறகு அவர் தம் நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் எதிரே கைபேசி காட்டும் ஆர்டர் எண்ணையும் எழுதிவந்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் காரணம் விளங்கியது. முந்தைய நாளின் கடைசி எண் 412. அன்றைய முதல் எண் 1. புதிய கைபேசி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கியிருந்தது. சர்வர் அவற்றை ஜனங்கள் மறந்துபோன பழைய ஆர்டர்கள் என்று எண்ணி, முன்பே வந்தவை என்று பதில் சொல்லியிருந்தது. நாங்கள் கட்டிய பாதுகாப்பே ஆர்டர்களை விழுங்கியது. ப்ரோகிராம் ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் சர்வர் ஒரு புதிய பதிவு எண் தரும், அது ஆர்டர் எண்ணின் பகுதியாகும் என்று மாற்றினோம். சர்வர் பழைய எண்ணைக் கண்டால் உள்ளடக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வாவிட்டால் கணக்குப்பிள்ளைக்கு எச்சரிக்கை காட்டுமாறும் செய்தோம்.

2005 ஜூலை 26

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மழை பிடித்தது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. மித்தி ஆறு கரை புரண்டது, ரயில்கள் நின்றன, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல பகுதிகளில் அற்றுப்போயின. விற்பனையாளர்களில் நால்வர் அன்று இரவு வீடு திரும்பவில்லை. மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். கிடங்கில் தரைவரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன.

அன்று முற்பகலில் எடுத்த ஆர்டர்களில் ஒரு பகுதி கைபேசிகளிலேயே தங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை தொடர்பு சீரானதும் அவர்கள் ப்ரோகிராமைத் திறந்தார்கள். மிச்சமிருந்தவற்றை அது தானே அனுப்பியது. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. சர்வர் எல்லாவற்றையும் ஏற்றது, பில் ஆனது, சனி அதிகாலை டெம்போவில் சரக்கு ஏறியது. போய் இறங்கிய இடங்களில் ஒன்று சீட்டா கேம்பில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, இருந்த சரக்கெல்லாம் நாறிக்கொண்டிருந்த ஒரு கடை. கடைக்காரர் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கேட்ட சர்க்கரையும் மைதாவும் அவர் வாசலில் வந்து நின்றபோது அவரால் பேச முடியவில்லை என்று டெம்போ ஓட்டுநர் சொன்னார். நான் அதை இன்றும் மறக்கவில்லை.

வெள்ளத்துக்கு முன் கேட்ட சரக்கு இன்னும் வேண்டுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆர்டருக்கு வயது உண்டு என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. கைபேசிக் கடிகாரத்தை நம்ப முடியாது என்பதால், காலை வணக்கச் செய்திக்குச் சர்வர் தரும் பதிலில் அன்றைய தேதியையும் சேர்த்தோம். கைபேசி ஒவ்வோர் ஆர்டரிலும், சர்வர் தனக்குக் கடைசியாகச் சொன்ன தேதியைக் குறிக்கும். ஒரு நாளுக்கு மேல் பழைய தேதியோடு வரும் ஆர்டர் தனிப் பட்டியலில் நிற்கும். கணக்குப்பிள்ளை கடைக்குத் தொலைபேசிக் கேட்ட பிறகே பில் ஆகும். ஆகஸ்டு நடுவில் இது நடைமுறைக்கு வந்தது.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே வேலையை மறுபடி தொடங்கினால், ஒரு வரி ப்ரோகிராம் எழுதுமுன் ஒரு வாரம் விற்பனையாளர்களோடு லைனுக்குப் போவேன். அனுப்பும் சோதனைகளை மாலை ஆறு மணிக்கு, ஓடும் ரயிலில், அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் கைபேசியில் நடத்துவேன். ஆர்டர் எண்ணும், எண்ணைத் திருப்பிச் சொல்லும் பதிலும் முதல் நாளிலேயே இருக்கும்.

கணினிப் பட்டியலை வைத்து முதல் மூன்று மாதம் யாருடைய பணத்திலும் கை வைப்பதில்லை என்று முதலாளியிடம் தொடக்கத்திலேயே எழுதி வாங்குவேன். பட்டியல் எங்களுடையது, அது தவறாக இருக்கக்கூடும் என்று சொல்ல வேண்டிய கடமையும் எங்களுடையது. அதைச் சொல்லாமல் இருந்ததால் ஒரு மனிதர் ஒரு மாதம் திருடனாகப் பார்க்கப்பட்டார்.

நோட்டைக் கைவிடச் சொல்லவும் மாட்டேன். கைபேசி வந்தபின் நோட்டு எதற்கு என்று நாங்கள் ஜனவரியில் கேட்டோம். விற்பனையாளர்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை, நல்லதாயிற்று. ஆகஸ்டில் கடை புதிதாக அச்சடித்த ஆர்டர் நோட்டில், கடைப் பெயருக்கும் சரக்குக்கும் இடையே, ஆர்டர் எண்ணுக்கென்று ஒரு பத்தி சேர்ந்தது. அதன் அகலத்தைச் சீட்டா கேம்ப் விற்பனையாளரின் நோட்டிலிருந்து அளந்து எடுத்தோம். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் அவர் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.